அலுவலகத்தில் 23 பேருக்கு இணையப் பயிற்சி, பொறுப்பு என்னுடையது. எப்படிச் செய்வது?

வெண்ணிலா_ஊத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். எனக்கு உண்மையிலேயே உதவி வேண்டும்.

நான் மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். எந்தத் துறை என்று சொல்லவில்லை, சின்ன ஊர், உடனே தெரிந்துவிடும். சுற்றிலும் செம்பனை. மோட்டாரில் பத்து நிமிடம் போனால் பழைய லயத்து வீடுகள். எங்களில் பலர் அங்கே வளர்ந்தவர்கள், நானும் அப்படித்தான். மொத்தம் 23 பேர். அதிகாரிகள் நாலு பேர், கிராணிகள் ஆறு பேர், மற்றவர்கள் ஓட்டுநர்கள், பொதுப் பணியாளர்கள், காலையில் கிளம்பி மத்தியானம் திரும்பும் களப்பணிக்காரர்கள். இந்த ஜனவரியில் பயிற்சிக் கோப்பு என் மேசைக்கு வந்தது. வந்ததில் இருந்து தலைவலிதான்.

நம்மில் ஒவ்வொருவரும் வருடத்துக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி முடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் ஈப்போவுக்கோ தெலுக் இந்தானுக்கோ வேன் வைத்துப் போவோம், மண்டபத்தில் உட்காருவோம், மத்தியானச் சாப்பாடு, அப்புறம் சான்றிதழ். 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் பாதிக்கு மேல் இணையத்துக்குப் போய்விட்டது. இப்போது யாருக்காவது நாள் குறைந்தால், இணையத்தில் ஏதாவது ஒரு பாடத்தை எடுத்து முடிக்கச் சொல் என்றுதான் மேலே இருந்து உத்தரவு வருகிறது. எந்தப் பாடம், அவருடைய வேலைக்கு அது உதவுமா என்று யாரும் கேட்பதில்லை.

போன வருடம் நவம்பரில் நான் ஒரு காரியம் செய்தேன். அப்போது கோப்பு என்னிடம் இல்லை. ஆனாலும் கணினி தெரிந்த பிள்ளை என்று எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். மூன்று பேருடைய கடவுச்சொல்லை வாங்கி, அவர்கள் பெயரில் நானே உட்கார்ந்து பாடங்களைத் தட்டித் தட்டி முடித்தேன். கடைசியில் வரும் கேள்விகளுக்கும் நானே பதில் போட்டேன். சான்றிதழை அச்செடுத்துக் கொடுத்தபோது ஓர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்தப் பாடமே கணினிப் பாதுகாப்பைப் பற்றியது, கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று இரண்டாவது பக்கத்திலேயே இருந்தது. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இந்த வருடம் அதைச் செய்ய மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் வேறு எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை.

வயதானவர்களுக்குத் தொழில்நுட்பம் என்றால் பயம் என்று எங்கள் அதிகாரி ஒருவர் சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் ஓட்டுநர் அண்ணன் ஒருவருக்கு 57 வயது. யூடியூப் பார்த்துத் தானே மோட்டாருக்குக் கார்ப்புரேட்டர் கழற்றி மாட்டுகிறவர். புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு நாளைக்கு நாற்பது குரல் பதிவு அனுப்புவார். கைப்பேசியில் கரண்டு பில் கட்டுவார். ஆனால் பயிற்சிப் பாடத்தைத் திறந்தால் மட்டும் ஐந்து நிமிடத்தில் மூடி வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். மலாய் தண்ணீர் மாதிரி பேசுவார், ஆனால் சுற்றறிக்கை மலாய் வேறு அல்லவா, ஒரு வாக்கியம் நாலு வரிக்குப் போகும். இன்னோர் அக்கா திரையைப் பார்த்தாலே தலை வலிக்கிறது என்கிறார். களப்பணித் தம்பிகள் இருவர், வீட்டுக்குப் போய் முடிக்கிறோம் என்கிறார்கள், ஆனால் அவர்கள் இருக்கும் தோட்டத்தில் லைன் ஒரு கோடு வந்தால் பெரிய விஷயம்.

உங்கள் இடங்களில் எப்படிச் செய்கிறீர்கள்? உண்மையாகவே கற்றுக்கொள்ள வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போன வருடம் நான் செய்ததற்கு இப்போது என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_கிராணி (பஹாவ்):

தங்கச்சி, உன் கடிதத்தைப் படித்ததும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நான் 34 வருடம் அரசாங்க வேலை, கடைசி எட்டு வருடம் பயிற்சிப் பிரிவிலேயே இருந்தேன். 2012 ஜனவரியில் ஓய்வு வயது 60 ஆனபோது இரண்டு வருடம் கூடுதலாக வேலை செய்துவிட்டுத்தான் வந்தேன்.

முதலில் அந்த 7 நாள் விஷயம். அது 2005-இல் வந்த ஆறாம் எண் சேவைச் சுற்றறிக்கை, பொதுச் சேவைத் துறை வெளியிட்ட மனிதவளப் பயிற்சிக் கொள்கை. அதன் நோக்கம் சான்றிதழ் சேர்ப்பது அல்ல. ஒருவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து ஓய்வு பெறும் நாள் வரை தொடர்ந்து கற்க வேண்டும், அவருடைய பதவிக்கு என்ன திறன் தேவையோ அதைத் துறை பார்த்துத் திட்டமிட வேண்டும் என்பதுதான் அதில் இருக்கிறது. திட்டமிட வேண்டியது துறைத் தலைவருடைய பொறுப்பும்கூட. ஆண்டுக் கடைசியில் கிராணியின் தலையில் கட்டுகிற வேலை அல்ல. இதை உன் அதிகாரியிடம் மரியாதையாக, சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசு. தாளில் இருப்பதைக் காட்டிப் பேசினால் கேட்பார்கள், என் அனுபவத்தில் அப்படித்தான்.

இரண்டாவது, பயிற்சி என்றால் இணையப் பாடம் மட்டும்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அலுவலகத்துக்குள்ளேயே நடக்கும் கற்றல் நேரம், பட்டறை, விளக்கக் கூட்டம் இவற்றையும் முறையாக வருகைப் பதிவு வைத்துக் கணக்கில் சேர்க்க வழி உண்டு. உங்கள் துறையில் மணிக்கணக்கை எப்படி நாளாக மாற்றுகிறார்கள் என்று பயிற்சிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். ஓட்டுநருக்கு மூன்று நாள் இணையத்தில், நாலு நாள் ஆள் நேரில் சொல்லிக்கொடுப்பது என்று பிரித்தால் அவருக்கும் மூச்சு விட முடியும்.

மூன்றாவது, போன வருடத்து விஷயம். நடந்ததை மறைக்காதே, பயந்து சாகவும் வேண்டாம். அந்த மூன்று பேரிடமும் போய், கடவுச்சொல்லை முதலில் மாற்றச் சொல், உன் நோட்டில் எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. அப்புறம் அதே பாடத்தை இந்த வருடம் அவர்கள் கையாலேயே, நீ பக்கத்தில் உட்கார்ந்து, திரும்ப முடியுங்கள். உன் அதிகாரியிடமும் நீயே போய்ச் சொல்லிவிடு. மற்றவர் மூலம் தெரிவதைவிட அது நல்லது.

சிஸ்டர்_பீடோங்:

நான் கெடாவில் தோட்டப்பட்டணம் ஒன்றில் கிளினிக் தாதி. பஹாவ் ஐயா சொன்னது எல்லாம் சரி, நான் நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் முக்கால்வாசிப் பிரச்சினை நேரம்தான் என்பது என் கருத்து.

எங்களுக்கு முதலில் சொன்னது, வீட்டில் போய்ச் செய்யுங்கள் என்று. வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று பெண்களுக்குத் தெரியும். சோறு வடிக்க வேண்டும், பிள்ளைக்கு வீட்டுப்பாடம், மாமியாருக்கு மருந்து, எல்லாம் முடித்துப் பத்து மணிக்கு உட்கார்ந்தால் கண் தானாக மூடும். நான் ஒரு தடவை ராத்திரி பதினொன்றரைக்குத் தேர்வுக் கேள்விகளைப் போட்டுக்கொண்டிருந்தேன், இருபதில் பதினெட்டாவது கேள்வியில் லைன் போய்விட்டது, திரும்பித் திறந்தால் முதலில் இருந்து. அழுகையே வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் தடுப்பூசி நாள் வேறு, நூறு குழந்தைகள். அதற்கு அப்புறம் ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை நான்.

எங்களுக்கு மாறியது எப்போது என்றால், புதிதாக வந்த தலைமைத் தாதி பணி அட்டவணையிலேயே அதை எழுதிய பிறகுதான். புதன்கிழமை இரண்டு மணியில் இருந்து மூன்று மணி வரை, கூட்டம் குறையும் நேரம், இரண்டு பேர் பாடத்தில் உட்காருவார்கள், மற்றவர்கள் அவர்கள் வேலையைப் பார்ப்பார்கள், அடுத்த புதன் வேறு இரண்டு பேர். அட்டவணையில் பெயர் இருந்தால் யாரும் வந்து "அக்கா, ஒரு நிமிடம்" என்று கூப்பிட மாட்டார்கள். எழுதாமல் வாயால் சொன்னால் கூப்பிடுவார்கள், இது நான் பார்த்தது.

இரண்டு பேர் என்பதும் முக்கியம். தனியாக உட்கார்ந்தால் தெரியாத சொல் வந்ததும் கை நின்றுவிடும். பக்கத்தில் இன்னொருத்தர் இருந்தால் "இது என்ன சொல்கிறான்" என்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். நாங்கள் மலாய்ப் பாடத்தைத் தமிழில் பேசிப் பேசித்தான் முடித்தோம். என்னோடு உட்கார்ந்த மலாய்க்கார சகோதரியும் என்னிடம் கேட்டிருக்கிறார், அவருக்கும் சில சொல் புரியவில்லை. ஆகவே உன் ஓட்டுநர் அண்ணனுக்கு மட்டும்தான் அந்த மொழி கடினம் என்று நினைக்க வேண்டாம்.

லைன் விஷயம்: 2021 கடைசியோடு 3ஜி சேவையை நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள், அதனால் களப்பணித் தம்பிகளின் கைப்பேசி பழசா என்று முதலில் பாருங்கள், 4ஜி பிடிக்காத கைப்பேசி என்றால் இணையமே சரியாக வராது. அப்புறம் பக்கத்தில் நாடி என்ற அரசாங்க இணைய மையம் இருக்கிறதா என்று பாருங்கள், முன்பு பெடி என்போமே, அதே இடம்தான். அங்கே கணினியும் இருக்கும், லைனும் இருக்கும், ஆளும் இருப்பார்கள். ஆனால் அதுவும் வேலை நேரத்தில் போக விட்டால்தான். சாயங்காலம் ஆறு மணிக்குப் போகச் சொன்னால் யாரும் போக மாட்டார்கள்.

நேர்மை_செமினி:

எல்லாரும் ரொம்ப இரக்கமாகப் பேசுகிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறோம், பயிற்சி கட்டாயம், முடிக்காதவருக்கு ஆண்டு மதிப்பீட்டில் புள்ளி குறைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் இடத்தில் அப்படி அறிவித்த மறுமாதமே எல்லாரும் முடித்துவிட்டார்கள். சாக்கு சொன்னவர்கள்கூட முடித்தார்கள். பொதுமக்கள் கவுண்டருக்கு வந்து, "எனக்குத் தெரியாது, வேறு ஆளைக் கேளுங்கள்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிப் போவதை நான் சின்ன வயதில் இருந்தே பார்க்கிறேன், என் அம்மா பிறப்புப் பத்திரத்துக்காக நாலு தடவை அலைந்தவர். ஊழியர் கற்றுக்கொள்ளாவிட்டால் அவதிப்படுவது அவர்தான். அதனால்தான் கண்டிப்பு வேண்டும் என்கிறேன்.

பகுதிநேர_மாணவன் (ஜெரம்):

செமினி அண்ணே, உங்கள் அம்மா அலைந்த கதை எங்கள் வீட்டிலும் உண்டு, அதனால் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கண்டிப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் வேலை செய்துகொண்டே முதுகலை படிக்கிறேன், ஊழியர்கள் புதிய முறைகளை ஏற்பதும் ஏற்காததும்தான் நான் படிக்கும் பகுதி.

இதில் எல்லாரும் தொடங்குவது 1989-இல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் எழுதியதில் இருந்துதான். ஓர் ஊழியர் ஒரு கணினி முறையைப் பயன்படுத்துவாரா என்பது அவர் மனதில் இருக்கும் இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது என்றார்: இதனால் என் வேலைக்குப் பயன் உண்டா, இது கையாள எளிதா. இரண்டில் எது பெரிது என்று பார்த்தால், பயன் உண்டா என்பதுதான் பயன்பாட்டோடு அதிகம் ஒட்டிப் போனது. நாம் தலைகீழாகச் செய்கிறோம். பொத்தான் எங்கே, எப்படி உள்ளே நுழைவது என்று வகுப்பு எடுக்கிறோம், இந்தப் பாடம் உனக்கு எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. வெண்ணிலா அக்காவின் ஓட்டுநர் கார்ப்புரேட்டர் வீடியோவை முழுதாகப் பார்க்கிறார் என்றால் காரணம் அதுதான், பார்த்து முடித்ததும் மோட்டார் ஓடும்.

அப்புறம் 2003-இல் வெங்கடேஷ், மோரிஸ் என்ற ஆய்வாளர்களும், இந்த டேவிஸும், அதே பெயருள்ள இன்னொரு டேவிஸும் சேர்ந்து, இதை விளக்க அதுவரை வந்த எட்டு கோட்பாட்டு மாதிரிகளை ஒன்றாக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் நாலு காரணம் வருகிறது. வேலையில் கிடைக்கும் பயன், போட வேண்டிய முயற்சி, சுற்றி இருப்பவர்களும் மேலதிகாரியும் எதிர்பார்ப்பது, தேவையான வசதியும் உதவியும் இருப்பது. செமினி அண்ணன் சொல்லும் கண்டிப்பு மூன்றாவது காரணத்துக்குள் வரும். அவர்கள் கண்டது என்னவென்றால், கட்டாயமாக்கிய இடங்களில் அந்த அழுத்தம் ஆரம்பத்தில் வேலை செய்கிறது, ஆள் பழகப் பழக அதன் பிடி தளர்ந்து போகிறது. விருப்பப்பட்டுச் செய்யும் இடங்களில் அது பெரிதாக எடுபடவே இல்லை. ஆக, உங்கள் இடத்தில் மறுமாதமே எல்லாரும் முடித்தது உண்மைதான். முடித்தவர்கள் அடுத்த வருடம் கவுண்டரில் அந்த அம்மாவுக்குச் சரியான பதில் சொன்னார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சான்றிதழின் எண்ணிக்கையில் அது தெரியாது.

நாலாவது காரணம்தான் வெண்ணிலா அக்காவுக்கு முக்கியம். வசதியும் உதவியும் வயது கூடிய ஊழியர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது, அதுவும் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு இன்னும் கூடுகிறது. அதாவது முதல் நாள் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு விட்டுவிட்டால் போதாது. மூன்றாம் மாதமும் கூப்பிட்டால் வர ஓர் ஆள் இருக்க வேண்டும். பீடோங் அக்கா சொன்ன இரண்டு பேர் முறை எனக்குப் பிடித்திருப்பது அதனால்தான்.

ஆசிரியர்_குளுவாங்:

வணக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இதைப் படிக்கையில் எங்கள் துறையில் பட்ட பாடு ஞாபகம் வந்தது. 2013-ஆம் ஆண்டுக்கான தேசியக் கணக்காய்வு அறிக்கையில் பள்ளிகளுக்கு வந்த மெய்நிகர் கற்றல் தளத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள், ஆசிரியர், மாணவர், பெற்றோர் யாரை எடுத்தாலும் பயன்பாடு 5 விழுக்காட்டைத் தொடவில்லை. நாடு முழுக்கக் கொடுத்தாயிற்று, கணக்குத் திறந்தாயிற்று, ஆனாலும் ஆள் உள்ளே வரவில்லை. அப்புறம் 2020-இல் டெலிமா என்ற புதிய இணையக் கற்றல் தளம் வந்தபோது பள்ளி மூடிக் கிடந்தது, பிள்ளைகளைப் பார்க்க வேறு வழியே இல்லை, ஐம்பத்தெட்டு வயது ஆசிரியைகூட ஒரே வாரத்தில் கூகுள் வகுப்பறை திறந்தார். ஜெரம் தம்பி சொன்ன பயன் என்பது இதுதான் என்று இப்போது புரிகிறது.

நான் சொல்ல வந்தது இன்னொன்று. என் அப்பா பால்மரம் வெட்டியவர். பதினாறு வயதில் உளியைக் கையில் கொடுத்தபோது அவருக்கு யாரும் புத்தகம் கொடுக்கவில்லை. மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், ஒருவர் பழைய மரங்களில் நிறுத்தி, பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், உளி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம் பட்டு அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும் என்று காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாராம். அதைவிட முக்கியம், மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்க, வரிசையில் நிற்கும்போது மண்டோர் கேட்பாராம், நேற்று எத்தனை மரத்தில் காயம், ஏன் பட்டது என்று. எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அப்பா சாகும் வரை அதை மறக்கவில்லை.

இதற்கு அறிவியலும் இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதையே திரும்பப் படித்தார்கள், இன்னொரு பிரிவினர் தாளை மூடிவிட்டு ஞாபகம் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள்தான் மேல். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் கதை மாறிவிட்டது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு ஞாபகம் இருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. இணையப் பாடத்தின் கடைசியில் வரும் கேள்விகள் பாடம் முடிந்த அந்த ஐந்தாவது நிமிடத்தில் வருகின்றன, அதனால் எல்லாரும் பாஸ். அடுத்த வாரம் யாரும் கேட்பதில்லை.

ஆகவே வெண்ணிலா, உங்களால் முடிந்தால் வாரத்தில் ஒரு நாள் காலை, வேலை தொடங்கும் முன், பத்தே நிமிடம் நில்லுங்கள். போன வாரம் பாடம் முடித்தவர் அதில் இருந்து ஒரு விஷயத்தை மற்றவர்களுக்குச் சொல்லட்டும், எந்த மொழியில் வேண்டுமானாலும். மற்றவர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும். புள்ளி வேண்டாம், பதிவு வேண்டாம். யாரையும் மட்டம் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஒன்றுதான் நிபந்தனை. அந்தக் காலத்து மண்டோர்கள் எல்லாரும் நல்லவர்கள் இல்லை, அதுவும் அப்பா சொன்னதுதான்.

வெண்ணிலா_ஊத்தான்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதலில் அதிகாரியிடம் போய்ப் போன வருடம் நடந்ததைச் சொன்னேன். கை நடுங்கியது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம், அந்த மூன்று பேரும் திரும்பச் செய்யட்டும், நீயும் இனிமேல் யாருடைய கடவுச்சொல்லையும் வாங்காதே என்றார். அவ்வளவுதான். பஹாவ் ஐயா சொன்ன சுற்றறிக்கையையும் கொண்டு போயிருந்தேன். வியாழக்கிழமை எட்டரையில் இருந்து ஒன்பதரை வரை கூட்ட அறையைக் கொடுத்திருக்கிறார், இரண்டு பழைய கணினி இருக்கிறது, ஒரு தடவைக்கு நாலு பேர். அட்டவணையில் பெயர் போட்டுச் சுவரில் ஒட்டியாயிற்று. களப்பணித் தம்பிகள் அன்று ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்புவார்கள்.

பயன் உள்ள பாடமாக எதைக் கொடுப்பது என்று யோசித்தபோது எங்கள் கணக்குக் கிராணிதான் வழி சொன்னார். ஓட்டுநர்கள் அனுப்பும் பயண கிளேம் படிவம் மாதா மாதம் தப்பாக வருகிறது, திருப்பி அனுப்புகிறோம், பணம் தாமதமாகிறது, அதையே முதல் பாடமாக வைக்கலாம் என்றார். அவரே கைப்பேசியில் பன்னிரண்டு நிமிட வீடியோ எடுத்தார், சாதாரணப் பேச்சு மலாயில், படிவத்தை மேசையில் வைத்து விரலால் காட்டிக் காட்டி. புலனக் குழுவில் போட்டோம். ஓட்டுநர் அண்ணன் அதை மூன்று தடவை பார்த்திருக்கிறார். தூரப் பயணத்துக்கு உள்ள சாப்பாட்டுப் படியை இத்தனை நாள் கேட்கவே இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த திங்கள் காலை பத்து நிமிடத்தில் அவரே எழுந்து மற்ற ஓட்டுநருக்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொன்னார். அதற்கு அப்புறம் கணினிப் பாதுகாப்புப் பாடத்தில் உட்கார வைத்தேன், நான் பக்கத்தில் இருந்தேன், மௌஸைத் தொடவில்லை. இரண்டு வியாழன் ஆனது. முடித்தார். கடவுச்சொல்லை அவரே மாற்றினார், என்னைத் திரும்பிக்கொள்ளச் சொன்னார்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஓர் அதிகாரி அந்த ஒரு மணி நேரத்திலும் வந்து ஆளைக் கூப்பிடுகிறார். ஒரு களப்பணித் தம்பி இன்னும் வரவில்லை. செமினி அண்ணன் சொன்ன கண்டிப்பு கொஞ்சம் அங்கே தேவைப்படும் போல இருக்கிறது.

தலை வலிக்கிறது என்று சொன்ன அக்காவைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டும். அவரோடு உட்கார்ந்தபோது பார்த்தேன், முகத்தைத் திரைக்கு ஒரு சாண் பக்கத்தில் கொண்டு போகிறார். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன், உடனே படிக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு மலாயும் வரும், கணினியும் பயம் இல்லை, கண் தெரியவில்லை, அவ்வளவுதான். கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நானும் போன வருடம் அவருக்காகப் பாடத்தை முடித்துக் கொடுத்தேனே தவிர ஏன் முடியவில்லை என்று கேட்கவில்லை. சனிக்கிழமை பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) பத்து வெள்ளிக்குப் படிக்கும் கண்ணாடி விற்பார்கள், வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.

சிஸ்டர்_பீடோங்:

வெண்ணிலா, பாசார் மாலாம் கண்ணாடி இப்போது வேண்டாம்மா. இரண்டு கண்ணுக்கும் அளவு வேறாக இருக்கலாம். அந்த அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேள், இருந்தால் கிளினிக்கில் கண்ணின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், அது கண்ணாடியால் சரியாகிற விஷயமாக இல்லாமல் இருக்கலாம். திங்கட்கிழமை காலையில் வேலை நேரத்திலேயே கூட்டிக்கொண்டு போ. உன் அதிகாரி இப்போது விடுவார்.